டாக்டர் ஐயாவின் கார்



பங்குத் தந்தையிடம் ஆலோசனை கேட்டு வருவோர் பலவகையினர். பெண்ணுக்கு வந்த வரன் பொருந்துமா என்று கேட்பவர் உண்டு. மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்பவர் உண்டு. வரப்புத் தகராறைத் தீர்த்து வைக்கும்படி வேண்டுபவரும் உண்டு. ஆனால், ஒரு பழைய காருக்கு எந்தச் சைலன்சரைப் பொருத்துவது என்று கேட்டு ஓர் இளைஞன் என் அறை வாசலில் வந்து நின்றது சென்ற ஆண்டில்தான் முதன்முறை.

அவன் கயத்தாற்றில் நெடுங்காலம் மருத்துவம் பார்த்த ஒரு பெரியவரின் பேரன். ஊரார் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'டாக்டர் ஐயா' என்றால் அவர் ஒருவரே. அவர் 2009-இல் காலமானார். பேரன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். "சாமி, ஆச்சிக்கு வரும் ஆகஸ்டில் எண்பது வயது நிறைகிறது. தாத்தா காரிலேயே அவர்களைக் காமநாயக்கன்பட்டிக்கு அழைத்துப் போகவேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. சைலன்சர்தான் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. உங்களுக்கு வண்டி வேலை தெரியும் என்றார்கள்" என்றான்.

எனக்குத் தெரிந்த வண்டி வேலை குருமடத்தில் கற்றதன்று. இளங்குருவாக வறண்டதொரு பகுதியில் பணியாற்றியபோது, பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று எனக்குத் தரப்பட்டிருந்தது. மெக்கானிக்கை அழைத்துவர அரை நாள் ஆகும் ஊர் அது. ஆகவே, தேவையே ஆசிரியராகித் திருப்புளியை என் கையில் தந்தது. அந்த அறிமுகத்தை நம்பி அவனுடன் சென்றேன்.

காரைப் பார்த்ததும் எனக்கே மகிழ்ச்சி உண்டாயிற்று. 1969-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் பலர் அந்தப் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் 1971 வரை அது செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். உருவம் தந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி. முன்பக்கத்து மூடி, இருபுற மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்ந்து ஒரே துண்டாய் முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் முழுதும் கண்முன்னே திறந்து நிற்கும். பழுது பார்ப்பவனுக்கு இதைவிட இரக்கம் காட்டும் வண்டி வேறில்லை. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு நின்றுவிட்ட ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தது நம் சென்னையில்தான், குடும்பம் பெரிதல்லவா!

பேரனுக்கு அந்தக் காரின் குலப்பெருமை மனப்பாடம். "சாமி, ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். அந்தக் காலத்தில் சோழவரத்துப் பந்தயங்களிலும் ஹெரால்டு ஓடியிருக்கிறது" என்றான். சொன்னது உண்மையே. ஆயினும், அந்தப் பெருமைதான் சிக்கலுக்கும் வித்தாயிற்று. ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்முறையான வண்டிக்கு அதற்கேற்ற குரல் வேண்டும் என்பது அவன் விருப்பம். அகலமான குழாயும், உறுமும் சைலன்சரும் பொருத்துவதாகச் சென்னையில் ஒரு கடையில் பேசியும் வைத்திருந்தான்.

"வெறும் ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை, சாமி. சிறுவயதில் விடுமுறைக்கு இங்கே வரும்போது, தாத்தா கார் தெருமுனையில் திரும்பும்போதே அந்த உறுமல் கேட்கும். நான் வாசலுக்கு ஓடுவேன். அந்தச் சத்தத்தை மறுபடியும் ஆச்சி கேட்கவேண்டும்" என்று அவன் சொன்னபோது, மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. இறந்துபோன ஒருவரின் குரலை மீட்க விரும்புகிறவனிடம் குழாயின் குறுக்களவைப் பற்றி என்னவென்று பேசுவது?

எனினும் முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தோம். எஞ்சினை ஒட்டிய இரும்பு வார்ப்பு நன்றாகவே இருந்தது. அதிலிருந்து இறங்கும் குழாய் மெலிந்திருந்தது. வண்டியின் பின்பகுதியில் தொங்கிய சைலன்சரோ விரல் பட்டதும் அப்பளமாய் நொறுங்கியது. இது ஏன் இப்படி என்று பலர் வியப்பதுண்டு. மழைத்தண்ணீர் வெளியிலிருந்து அரிப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் அரிப்பு பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அது நீராவியாய்க் குழாயில் செல்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுவதும் சூடேறி, ஆவி வெளியே போய்விடும். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாய்க் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியிலோ, எஞ்சினுக்குத் தொலைவில் உள்ள சைலன்சர் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஆவி குளிர்ந்து நீராகி உள்ளேயே தங்கி இரும்பைத் தின்கிறது. கரிசல் காட்டில், மழையே காணாத ஊரிலும் சைலன்சர் துருப்பிடிக்கும் மர்மம் இதுதான்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது. டிரையம்ப் கார்களுக்கான புகைக்குழாய்களை அங்கே இன்றும் செய்து விற்கிறார்கள். ஆனால், அங்கே ஹெரால்டுக்குப் பிற்காலத்தில் பெரிய எஞ்சின்கள் வந்துவிட்டன. நம் நாட்டு ஹெரால்டோ 948 சி.சி. எஞ்சினோடேயே இருந்தது. ஆகவே, 'ஹெரால்டு' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கினால் அளவு பொருந்தாமற் போகலாம். கப்பல் கூலியும் சுங்க வரியும் வேறு. இரண்டாவது, பேரன் விரும்பிய அகலக் குழாய். மூன்றாவது, பழைய குழாயின் அளவை அப்படியே எடுத்து, நம் பக்கத்துப் பட்டறையிலேயே செய்துகொள்வது.

எதைத் தேர்வது என்பதற்கு முன், சைலன்சர் செய்யும் வேலை இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது, நொடிக்கு 100 முறை சூடான வாயு உந்தித் தள்ளப்படுகிறது. ஒவ்வோர் உந்தலும் ஒரு சிறு வெடியோசை. கூண்டுகள் வைத்த பழைய வகைச் சைலன்சரில், அந்த வாயு துளைகளின் வழியே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பாய்ந்து, விரிந்து, சுவரில் மோதித் திரும்பி, ஓர் ஓசை மற்றோர் ஓசையை அழிக்குமாறு அடங்குகிறது. மற்றொரு வகையில் குழாய் நேராகவே செல்லும். துளையிட்ட அந்தக் குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையைத் திணித்திருப்பார்கள். அந்த இழை ஓசையை உறிஞ்சும். வாயு தடையின்றிப் போகும். ஆனால் ஓசை அவ்வளவாக அடங்காது. நாளடைவில் இழை எரிந்தும் சிதறியும் போனால் உறுமல் மேலும் பெருகும்.

அகலக் குழாய் வைத்தால் வேகம் கூடும் என்பது பலரின் எண்ணம். பந்தயத்தில் எப்போதும் உச்ச வேகத்தில் சுழலும் எஞ்சினுக்கு அது ஓரளவு பொருந்தும். குதிரைத் திறன் நாற்பதைக்கூட எட்டாத இந்தச் சிறு எஞ்சினுக்குப் பொருந்தாது. ஓடையை அகலப்படுத்தினால் நீரின் விசை குறைவதுபோல, குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயுவின் ஓட்டம் தளரும். முன்சென்ற வாயு பின்வரும் வாயுவைத் தன்னோடு இழுத்துச் செல்லும் உதவி குறைந்துபோகும். விளைவு, மேட்டில் மெதுவாய் ஏறும்போது இழுவை குன்றும். கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவையும் அதற்கேற்ப மாற்றவேண்டிவரும். ஓசை பெரிதாவதால் வலிமை பெரிதானது போலக் காது நம்மை ஏமாற்றும், அவ்வளவே.

இதையெல்லாம் விளக்கியும் தம்பியின் முகம் தெளியவில்லை. அவன் கேட்டது வேகம் அன்று, நினைவு. ஆகவே, நினைவுக்கு உரியவரிடமே கேட்போம் என்று இருவரும் அம்மாவிடம் போனோம். 'பேரன் தாத்தா காரின் சத்தத்தை மீட்க விரும்புகிறான்' என்று நான் மெல்லத் தொடங்கினேன். அந்த அம்மா சற்றுநேரம் எங்களைப் பார்த்தார்கள். பிறகு சிரித்துவிட்டார்கள்.

"சாமி, இவன் கேட்டது வண்டிச் சத்தமே இல்லை. கடைசி ஆறேழு வருஷம் அந்தக் குழாய் ஓட்டையாய்க் கிடந்தது. கம்பெனி மூடின பிறகு சாமான் எங்கே கிடைத்தது? தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். 'நம்ம வண்டிக்கு இருமல் வந்துட்டு. நான் எத்தனையோ பேர் இருமலைக் குணமாக்கினேன், இதைக் குணமாக்க முடியலையே' என்று அவர்களே சொல்லி வருத்தப்படுவார்கள். வாங்கின புதிதில் எப்படி இருந்தது தெரியுமா? நடுராத்திரியில் பிரசவம் பார்த்துவிட்டு வருவார்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை முழிக்காது. அவ்வளவு பையப் பைய வந்து நிற்கும்" என்றார்கள்.

பேரன் தலை குனிந்தான். பல ஆண்டுகளாய் அவன் தாத்தாவின் குரலென்று போற்றி வைத்திருந்தது, அவர் தீர்க்க முடியாமல் வருந்திய ஒரு குறை! அதைக் கேட்டபோது எனக்கும் நெஞ்சில் தைத்தது. நாம் நேசித்தவர்களிடமிருந்து நாம் காத்து வைத்திருப்பது எது, அவர்கள் உண்மையில் விட்டுச்செல்ல விரும்பியது எது என்று எத்தனை வீடுகளில் பிரித்துப் பார்க்கிறோம்?

அப்போதுதான் என் ஜீப்பின் கதையையும் அவர்களுக்குச் சொன்னேன். ஒரு மார்கழி இரவில், நானும் உபதேசியாரும் கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். குளிருக்காகத் திரைகளையெல்லாம் இறக்கிக் கட்டியிருந்தோம். புகைக்குழாயின் இணைப்பு விட்டிருந்ததை நான் அறிவேன்; சத்தம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வழியில் எனக்குத் தலை வலித்தது. களைப்பென்று நினைத்தேன். உபதேசியார் பேச்சை நிறுத்தித் தூங்கிவிட்டதுபோல் சாய்ந்தார். எழுப்பினால் எழவில்லை. வண்டியை நிறுத்தி அவரைத் தூக்கி வெளியே கிடத்தினேன். நல்ல காற்றுப் பட்டு அவர் கண் திறக்கும்வரை நான் பட்ட பாட்டை ஆண்டவரே அறிவார். பெட்ரோல் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று அமரவேண்டிய இடத்தில் அது அதனினும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்கிறது. ஓட்டைக் குழாயின் குற்றம் சத்தம் மட்டும் என்று நினைத்திருந்த என் அசட்டை, அன்று ஓர் உயிரை வாங்கியிருக்கும்.

எண்பது வயது மூதாட்டியை ஏற்றிச் செல்லப்போகும் வண்டி. இனி விவாதத்துக்கு இடமில்லை. "சாமி, நாம் இங்கேயே செய்துகொள்வோம்" என்று பேரனே சொன்னான்.

கோவில்பட்டியில் லாரிக்கும் டிராக்டருக்கும் சைலன்சர் செய்யும் பட்டறைக்காரர் ஒருவரிடம் போனோம். உதிர்ந்த குழாயின் துண்டுகளையும், அளவெடுத்து வளைத்த ஒரு கம்பியையும் கொண்டுபோனோம். "அண்ணாச்சி, இதே விட்டம், இதே வளைவு, உள்ளே பழையபடி கூண்டுகள்" என்றேன். எந்த உலோகம் என்ற கேள்வி வந்தது. சாதாரண இரும்பு மலிவு. சில ஆண்டுகளில் மீண்டும் இதே நிலை. அலுமினியம் பூசிய இரும்பு சற்று மேல். துருப்பிடிக்காத எஃகு விலை கூடுதல். ஆனால், மாதம் ஒருமுறை மட்டும் ஓடி, உள்ளே ஈரம் தங்கும் வண்டிக்கு அதுவே சிக்கனம். அதிலும் 304 என்ற வகைக்குத் துரு எதிர்ப்பு மிகுதி. 409 என்ற வகை அதனினும் மலிவு. 409-இல் காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டியது என்பதற்காகக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக யாரும் சண்டைக்குப் போகவேண்டாம். நாங்கள் 304-ஐத் தேர்ந்தோம்.

அண்ணாச்சி திறமைசாலி. ஆனால், குழாயை வண்டியின் சட்டத்தோடு நேராக வெல்டிங் வைத்துவிடலாம் என்றார், உறுதியாக இருக்குமாம். அதை மட்டும் நான் ஒப்பவில்லை. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்து அசைந்துகொண்டேயிருப்பது. குழாயும் அதனோடு அசையவேண்டும். அசையவிடாமல் கட்டினால் பலவீனமான இடத்தில் வெடிக்கும். ஆகவே, ரப்பர் பட்டைகளிலேயே தொங்கவிட்டோம். பள்ளத்தில் பின்சக்கர அச்சு மேலெழும்பும்போது குழாயில் இடிக்காதபடி இடைவெளி விட்டோம். குழாயின் வாய் வண்டியின் உடலுக்கு வெளியே சற்று நீண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டோம். உள்ளடங்கி நின்றால், ஓடும் வண்டியின் பின்னே உண்டாகும் காற்றுச்சுழல் புகையை உள்ளே இழுத்துவிடும். இணைப்புகளில் பழைய கல்நார் கேஸ்கட்டுகள் இருந்தன. அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்தபடி சுரண்டாமல், நீரால் நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு அகற்றிக் கல்நார் இல்லாத புதியவற்றை வைத்தோம்.

பொருத்தியபின் ஒரு சோதனை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினோம். தடித்த துணியால் குழாயின் வாயைப் பேரன் ஒரு கணம் அடைத்தான். ஓரிடத்தில் குமிழி வந்தது. போல்ட்டை இறுக்கினோம். மறுபடி அடைத்தபோது குமிழி இல்லை. அந்த ஒரு கணத்து அமைதிக்காகவே இத்தனை நாள் உழைத்தோம் என்று தோன்றிற்று.

சட்டமும் இங்கே நம் பக்கமே நிற்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் ஓசையைக் கூடியமட்டும் குறைக்கும் சைலன்சர் இருக்கவேண்டும் என்கிறது. ஓசை வரம்பை மீறும் வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவோருக்கு, 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டு, நள்ளிரவில் நெடுஞ்சாலையில் முழங்கிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதைப் பெற்றோர் எடுத்துச் சொல்வது நலம். அந்த முழக்கம் கடக்கும் தெருவில் ஒரு நோயாளி அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். ஒரு கைக்குழந்தை தூங்கியிருக்கும்.

ஆகஸ்டு மாதம், திருவிழாக் கூட்டம் சேருமுன் ஒரு நாளைத் தேர்ந்துகொண்டோம். முதல் நாள் இரவே பேரன் பட்டறையிலிருந்து காரை வீட்டுக்கு ஓட்டிவந்தான். நான் முன்னிருக்கையில் இருந்தேன். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலை விட்டு ஊருக்குள் திரும்பியபோது, தொலைவில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மினுக்கின. எஞ்சின் தாழ்ந்த சுருதியில் ஒரே சீராய் ஒலித்தது. தெருமுனையில் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள், வண்டி அருகே வந்த பிறகே திரும்பிப் பார்த்தார்கள்.

யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தோம். ஆனால் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். "ஆச்சி, சத்தமே இல்லையே, எப்படித் தெரிந்தது?" என்று பேரன் இறங்கி ஓடினான். "எனக்குத் தெரியும்டா" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அருகில் வந்து, இன்னும் சூடு ஆறாத முன்மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள்.

மறுநாள் பின்னிருக்கையில் அமர்ந்து அவர்கள் காமநாயக்கன்பட்டிக்குச் சென்றுவந்தார்கள். வழியெல்லாம் பேரனோடு பேசிக்கொண்டே போனார்களாம். பழைய உறுமலோடு போயிருந்தால், அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட அவன் காதில் விழுந்திராது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருக்கலாம்; அதற்கும் ஒருநாள் இருமல் வரலாம். அப்போது, தெருவில் நிற்பவர் காதுக்கு எது இனிக்கும் என்று பார்த்துச் சைலன்சரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உள்ளே அமர்ந்து வருகிறவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதன்பின் தேர்வு எளிது.